மொசாம்பிக் வெள்ளத்துக்கு எந்த வழியில் உதவுவது? ஆறு வழிகள், ஓர் ஒப்பீடு

தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் ஜனவரி முதல் மார்ச் வரை மழையும் புயலும் உச்சத்தில் இருக்கும். அந்த மாதங்களில் மொசாம்பிக், மலாவி, ஜிம்பாப்வே என்று ஏதாவது ஒரு பெயர் செய்திகளில் அடிபடும். உடனே வாசகர்களிடமிருந்து கேள்விகள் வரத் தொடங்கும். கொடுக்க மனமிருக்கிறது, யாரிடம் கொடுப்பது? துணிமணி சேகரித்து அனுப்பலாமா? ஐநா அமைப்புகளுக்குக் கொடுத்தால் பாதி நிர்வாகச் செலவுக்கே போய்விடும் என்கிறார்களே, உண்மையா? முன்பின் தெரியாத உள்ளூர் அமைப்பை எப்படி நம்புவது? கைபேசி வழியாக நேரடியாகப் பணமே போட்டுவிடலாம் என்கிறார்களே, சரிவருமா?

எல்லாருக்கும் பொருந்தும் ஒரே விடை இதற்குக் கிடையாது. ஆனால் எந்தச் சூழலில் எது மேல் என்று திட்டவட்டமாகச் சொல்ல முடியும். 2000-ஆம் ஆண்டிலிருந்து அந்தப் பகுதி கண்ட பெருவெள்ளங்கள் அதற்குப் போதிய பாடங்களை விட்டுச் சென்றிருக்கின்றன.

## அங்கே வெள்ளம் எப்படி வருகிறது

ஆப்பிரிக்காவின் தெற்குப் பகுதியில் ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளில் பாயும் 15 பெரிய ஆறுகளில் 9 ஆறுகள் மொசாம்பிக் வழியாக ஓடுகின்றன. சாம்பசி, லிம்போபோ, சாவே, இன்கோமாட்டி எல்லாம் அப்படிப்பட்டவை. ஜிம்பாப்வேயிலும் தென்னாப்பிரிக்காவிலும் கொட்டும் மழை சில நாட்கள் கழித்து மொசாம்பிக்கின் தாழ்நிலத்தில் வெள்ளமாக வந்து நிற்கும். கடைமடையில் இருப்பவனுக்கு மேலே நடப்பது எதுவும் கையில் இல்லை. ஆனாலும் இந்த வகை வெள்ளத்தில் எச்சரிக்கைக்குச் சில நாட்களாவது கிடைக்கும். இந்தியப் பெருங்கடலில் இருந்து வரும் புயல் அப்படியல்ல. ஒரே இரவில் எல்லாம் முடிந்துவிடும்.

2000 பிப்ரவரியில் இரண்டும் சேர்ந்து வந்தன. வாரக்கணக்கில் பெய்த மழைக்குப் பின் பிப்ரவரி 22 அன்று எலின் புயல் கரை கடந்தது. லிம்போபோ ஆறு சோக்வே நகரையும் ஷாய்-ஷாய் நகரையும் மூழ்கடித்தது. ஏறத்தாழ 700 பேர் இறந்தார்கள். 2019 மார்ச் 14 இரவு இடாய் புயல் பெய்ரா துறைமுக நகருக்கு அருகே கரை கடந்தது. மொசாம்பிக்கில் மட்டும் 600 பேருக்கு மேல் இறந்தனர். ஜிம்பாப்வேயில் சிமானிமானி மலைப்பகுதி சரிந்தது. 2023-இல் ஃபிரெடி புயல் ஐந்து வாரங்களுக்கு மேல் கடலில் உழன்று மொசாம்பிக்கை இருமுறை தாக்கியது. அதன் கடைசி மழையில் மலாவியின் பிளான்டயர் நகரில் மலைச்சரிவுகள் வீடுகளோடு இறங்கின. மலாவியின் அதிகாரப்பூர்வ இறப்புக் கணக்கு 679. காணாமற்போனவர்கள் மேலும் 500-க்கு மேல்.

நம் கேள்விக்கு அடிப்படையான செய்தி ஒன்று 2000 வெள்ளத்தில் இருக்கிறது. அப்போது உலகம் முழுவதும் பார்த்த படம், மரத்திலேயே பிரசவித்த ஒரு தாயையும் பச்சைக் குழந்தையையும் தென்னாப்பிரிக்க ஹெலிகாப்டர் தூக்கிச் சென்றது. அந்த விமானிகளின் துணிச்சலுக்கு எந்தப் பாராட்டும் தகும். ஆனால் அந்த வெள்ளத்தில் மீட்கப்பட்ட சுமார் 45,000 பேரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினரை மீட்டவை படகுகள். அவற்றை ஓட்டியவர்களில் பெரும்பாலோர் மொசாம்பிக் மக்களே. வானில் பெரும்பகுதி வேலையைச் செய்தது அண்டை நாடான தென்னாப்பிரிக்கா. ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஹெலிகாப்டர்கள் வந்து சேர்ந்தபோது, மரத்திலும் கூரையிலும் இருந்தவர்களை இறக்கும் வேலை அநேகமாக முடிந்திருந்தது.

2019-இல் இந்தியக் கடற்படையின் சுஜாதா, ஷார்துல் கப்பல்களும் கடலோரக் காவல்படையின் சாரதியும் பெய்ராவுக்கு முதலில் சென்றவற்றில் இருந்ததற்கும் காரணம் இதுதான்: பயிற்சிப் பயணத்தில் அந்தக் கடலில் ஏற்கெனவே இருந்தன.

ஆக, உயிர் காக்கும் முதல் சில நாட்கள் பக்கத்தில் இருப்பவர்களுடையவை. செய்தியைப் பார்த்துவிட்டு நாம் அனுப்பும் பணம் அந்த நாட்களை எட்டவே எட்டாது. அது பயன்படக்கூடிய காலம் இரண்டு: ஒன்று, அடுத்த வெள்ளத்துக்கு முன்பு, இன்னொன்று, கேமராக்கள் கிளம்பிப் போன பிறகு. இதை மனத்தில் இருத்திக்கொண்டால் தெரிவு பாதி எளிதாகிவிடும்.

## எதை வைத்து அளப்பது

நான் ஐந்து கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். கொடுப்பது எப்போது போய்ச் சேரும்? கொடுத்த நூறு ரூபாயில் வழியில் எவ்வளவு கரையும்? என்ன வேண்டும் என்று தீர்மானிப்பது யார், கொடுப்பவரா, பாதிக்கப்பட்டவரா? சாலை துண்டிக்கப்பட்ட ஊர்வரை எட்டுமா? கணக்குக் கேட்டால் பதில் கிடைக்குமா?

இவற்றில் மூன்றாவது கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுவே முதன்மையானது. வெள்ளத்தில் எல்லாவற்றையும் இழந்த ஒருவர், தன் குடும்பத்துக்கு இன்றைக்கு என்ன வேண்டும் என்று முடிவெடுக்கும் அறிவையும் இழந்துவிடவில்லை.

## 1. பொருளாகச் சேகரித்து அனுப்புவது

மனத்துக்கு நெருக்கமான வழி இது. தொலைவிலுள்ள நாட்டுக்கு மோசமான வழியும் இதுதான்.

இடாய் புயலுக்குப் பிறகு பெய்ராவை உள்நாட்டோடு இணைக்கும் ஆறாம் எண் நெடுஞ்சாலை அறுந்து கிடந்தது. விமானமோ கப்பலோ இல்லாமல் நகருக்குள் போக முடியவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு லாரியும் ஒரு கிடங்கும் எவ்வளவு அருமையானவை! யாரும் கேட்காத பழைய துணி மூட்டைகள் வந்து இறங்கினால், குளோரினும் தார்ப்பாயும் வைக்க வேண்டிய இடத்தை அவை அடைத்துக்கொள்ளும். 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்தின் சாலையோரங்களில் சீந்துவாரில்லாமல் குவிந்து கிடந்த பழந்துணிகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மறைந்திருக்கும் செலவுகள் வேறு: கப்பல் வாடகை, சுங்கம், கிடங்கு வாடகை, பிரித்து அடுக்க ஆள். மருந்து அனுப்பினால் அதன் உறையைப் படிக்க வேண்டிய செவிலியருக்குத் தெரிந்தது போர்த்துக்கீசியம். உணவு அனுப்பினால் அங்கே அன்றாடச் சாப்பாடு சோள மாவைக் கிண்டிச் செய்யும் ‘ஷிமா’. நம் பிஸ்கட்டும் நூடுல்ஸும் குழந்தைக்கு ஒருவேளை ஆகும், குடும்பத்துக்கு ஆகாது.

ஆனால் பொருள் உதவியே தவறு என்று சொல்லிவிட முடியாது. இடாய் புயலின்போது ஜிம்பாப்வே தலைநகர் ஹராரேயில் ஒரு தேவாலயத்தில் சிமானிமானிக்காகப் பொருட்கள் திரண்டன. பஸ்ஸுக்குக் காசில்லாத ஒரு மூதாட்டி பாத்திரங்களையும் துணிகளையும் தலையில் சுமந்து பல கிலோமீட்டர் நடந்தே வந்து கொடுத்தார். அவை அதே நாட்டு லாரியில், அதே நாட்டு மக்களிடம், அவர்களுக்குப் பழகிய பொருளாகப் போய்ச் சேர்ந்தன.

எப்போது மேல்: நீங்கள் அந்த நாட்டிலோ பக்கத்து நாட்டிலோ வசித்தால், அல்லது களத்தில் உள்ள அமைப்பு இன்ன பொருள், இத்தனை என்று எழுத்தில் கேட்டிருந்தால். மற்றபடி வேண்டாம்.

## 2. ஐநா அமைப்புகள்

ஐநா அமைப்புகளின் வலிமை, வேறு யாராலும் முடியாத பெரிய வேலைகளைச் செய்வதில் இருக்கிறது. இடாய் கரை கடந்த ஒரு வாரத்துக்குள் ஐநாவின் மத்திய அவசர நிதியிலிருந்து மொசாம்பிக், ஜிம்பாப்வே, மலாவி ஆகிய மூன்று நாடுகளுக்கு 2 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. உலக உணவுத் திட்டம் ஹெலிகாப்டர்களை இயக்கியது. இவற்றைவிட நான் பெரிதாக நினைப்பது தடுப்பு மருந்தை. பெய்ராவில் காலரா தலைகாட்டியதும் 9 லட்சம் முறைக்கான வாய்வழித் தடுப்பு மருந்து ஏப்ரல் 2 அன்று வந்து இறங்கியது. மறுநாளே கொடுக்கத் தொடங்கினார்கள். புயல் அடித்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. 6,700-க்கு மேற்பட்டோருக்கு நோய் வந்தும் இறந்தவர்கள் 8 பேர் மட்டுமே.

மருந்தும் மருத்துவமும் வேகமாகக் கிடைக்காவிட்டால் காலரா என்ன செய்யும் என்பதை 2022-23-இல் மலாவி அனுபவித்தது. சுமார் 59,000 பேருக்கு நோய். 1,700-க்கும் மேற்பட்ட இறப்புகள். ஃபிரெடி புயல் அந்தத் தொற்றின் நடுவில்தான் வந்து விழுந்தது.

செலவுக்கு வருவோம். ‘பாதி நிர்வாகத்துக்குப் போகிறது’ என்பது சரியல்ல. ஐநா அமைப்புகள் தலைமையகச் செலவுக்குப் பொதுவாக 7 சதவீதத்தை ஒட்டி எடுக்கின்றன. உண்மையில் பணம் கரைவது வேறிடத்தில். ஐநாவிடமிருந்து பன்னாட்டுத் தொண்டு நிறுவனத்துக்கு, அதனிடமிருந்து உள்ளூர் அமைப்புக்கு என்று பணம் கைமாறும்போது ஒவ்வொரு கையும் தன் பங்குக்கு ஒரு செலவை எழுதும். உள்ளூர் அமைப்புகளுக்கு நிவாரண நிதியில் 25 சதவீதத்தைக் கூடியவரை நேரடியாகக் கொடுப்போம் என்று 2016-இல் கொடையாளர்களும் பெரிய அமைப்புகளும் உறுதி கூறினார்கள். நேரடியாகப் போவது இன்னமும் ஒற்றை இலக்கச் சதவீதத்திலேயே இருக்கிறது. இது வெட்கப்பட வேண்டிய நிலை.

இன்னொரு விலையும் உண்டு, அதைப் பணத்தில் சொல்ல முடியாது. பெரிய விநியோகங்களில் பயனாளிகளின் பட்டியலை அநேகமாக உள்ளூர்த் தலைவர்களே எழுதுவார்கள். இடாய்க்குப் பிறகு, உணவுப் பட்டியலில் பெயர் சேர்க்கச் சில தலைவர்கள் பெண்களைப் பாலியல் இணக்கத்துக்கு வற்புறுத்தியதாக மனித உரிமைக் கண்காணிப்பகம் (ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்) பதிவு செய்தது. விசாரிப்பதாக ஐநா உறுதியளித்தது. எந்த அமைப்புக்குக் கொடுத்தாலும், புகார் சொல்ல என்ன வழி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

‘சர்வதேச உதவி’ என்று அறிவிக்கப்படும் தொகைகள் எல்லாம் கொடையல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். இடாய்க்குப் பின் பன்னாட்டு நாணய நிதியம் மொசாம்பிக்குக்குக் கொடுத்த 11.8 கோடி டாலர், வட்டியில்லாதது என்றாலும், கடன். மறுகட்டுமானத்துக்கு 320 கோடி டாலர் வேண்டும் என்று மதிப்பிடப்பட்டது. பெய்ராவில் நடந்த கொடையாளர் மாநாட்டில் தருவதாக உறுதியளிக்கப்பட்டது 120 கோடி. எனவே பெரிய எண்களைப் பார்த்து, நம் பணம் இனித் தேவையில்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

எப்போது மேல்: காலரா, தடுப்பு மருந்து, வான்வழி விநியோகம் என்று தேவை பெரிய அளவில் இருக்கும்போது.

## 3. செஞ்சிலுவையும் எல்லைகளற்ற மருத்துவர்களும்

மொசாம்பிக் செஞ்சிலுவைச் சங்கத்தின் தன்னார்வலர்கள் அந்தந்த ஊர்க்காரர்கள். வெள்ளத்துக்கு முன்பும் அங்கேதான் இருந்தார்கள், பின்பும் அங்கேதான் இருப்பார்கள். செஞ்சிலுவைச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு வைத்திருக்கும் பேரிடர் அவசர நிதி வழியாக அவர்களுக்குப் பணம் சில நாட்களில் போய்ச் சேருகிறது. பெரிய அமைப்பின் கணக்கு ஒழுங்கும் உள்ளூர்க் கால்களும் ஒருசேரக் கிடைக்கும் வழி இது. குறையும் உண்டு: ஒவ்வொரு நாட்டுச் சங்கத்தின் திறமையும் ஒரே தரத்தில் இருப்பதில்லை.

மருத்துவத்துக்கு மட்டும் என்றால் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு நல்ல தெரிவு. 2004 சுனாமியின்போது, எங்கள் பணிக்குத் தேவையான அளவு வந்துவிட்டது, சுனாமிக்கென்று இனிக் கொடுக்க வேண்டாம் என்று வெளிப்படையாக அறிவித்தவர்கள் அவர்கள். அந்த நேர்மையிலிருந்து கொடுப்பவர்களாகிய நாமும் ஒன்று கற்றுக்கொள்ளலாம். ‘இந்தப் புயலுக்கு மட்டும்’ என்று கட்டிக் கொடுத்த பணம் அந்தப் புயலோடு கட்டுண்டு கிடக்கும். கட்டில்லாமல் கொடுத்த பணம், செய்தியில் வராத அடுத்த வெள்ளத்துக்கும் போகும். 2015 ஜனவரியில் மொசாம்பிக்கின் சாம்பேசியா மாகாணத்தில் லிக்கூங்கோ ஆறு பெருகி ஊர்களை அழித்ததை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டோம்?

எப்போது மேல்: யாரையும் நேரில் விசாரித்து அறிய வழியில்லை, ஆனால் பணம் ஊருக்குள் இறங்க வேண்டும் என்று விரும்பினால்.

## 4. உள்ளூர், வட்டார அமைப்புகள்

பெய்ராவைச் சுற்றியுள்ள கிராமங்களில் மக்கள் பேசுவது சேனா, ண்டாவ் போன்ற மொழிகள். அலுவல் மொழியான போர்த்துக்கீசியம்கூடப் பல பாட்டிமார்களுக்குச் சரளமாக வராது. ஆங்கிலம் பேசும் வெளிநாட்டு ஊழியர் இரண்டு மொழிபெயர்ப்பாளர்களைக் கடந்துதான் அவர்களிடம் பேச முடியும். எந்த வீட்டில் ஊனமுற்ற முதியவர் தனியாக இருக்கிறார், எந்தக் குடும்பத்துக்கும் ஊர்த்தலைவருக்கும் ஆகாது என்பதெல்லாம் உள்ளூர்க்காரர்களுக்குத்தான் தெரியும். உதவியில் ஓட்டை விழும் இடங்களும் இவையே.

இதன் மறைமுகச் செலவு உங்கள் நேரம். பதிவுச் சான்று, ஆண்டறிக்கை, தணிக்கைக் கணக்கு, முன்பு அவர்களுக்கு நிதியளித்தவர்கள் யார் என்று தேடிப் பார்க்க வேண்டும். பெரும்பாலானவை போர்த்துக்கீசியத்தில் இருக்கும். இன்னொரு சங்கடம், சிறிய அமைப்பின் மீது திடீரென்று பெரிய தொகை வந்து விழுந்தால் அதைச் செலவிடும் ஆளும் அமைப்பும் இல்லாமல் அது திணறும். சிறிதாக, பல ஆண்டுகள் தொடர்ந்து கொடுப்பதே அவர்களுக்கு உதவி.

உள்ளூருக்கும் பன்னாட்டுக்கும் நடுவில் வட்டார அமைப்பு என்று ஒன்று இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இம்தியாஸ் சூலிமான் 1992-இல் தொடங்கிய ‘கிஃப்ட் ஆஃப் த கிவர்ஸ்’ அத்தகையது. இடாயின்போதும் ஃபிரெடியின்போதும் எல்லை தாண்டிப் போனார்கள். 2022 ஏப்ரலில் டர்பனைச் சுற்றி 430 பேருக்கு மேல் பலிகொண்ட வெள்ளத்தில் சொந்த மாகாணத்திலேயே குடிநீர் கொண்டுபோனார்கள். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களின் வழித்தோன்றல்கள் பலர் வாழும் தோங்காட் நகரத்தில், அந்த வெள்ளம் நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைச் சிதைத்துவிட்டதால் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்பது என்னவென்று அறிந்த நமக்கு, அப்படிப்பட்ட இடத்தில் பக்கத்து ஊரிலிருந்து லாரி அனுப்பக்கூடியவரின் மதிப்பு புரியும்.

எப்போது மேல்: உங்களுக்கு அங்கே நம்பகமான தொடர்பு இருந்தால், ஒருமுறை கொடுப்பதோடு நில்லாமல் ஆண்டுதோறும் கொடுக்க எண்ணினால்.

## 5. கையில் நேரடியாகப் பணம்

பணத்தைக் கையில் கொடுத்தால் குடித்துத் தீர்த்துவிடுவார்கள் என்று ஒரு பயம் நம் ஊரிலும் உண்டு, அங்கேயும் சொல்லப்பட்டது. அதற்கான பதில் மொசாம்பிக்கிலேயே இருக்கிறது. 2000 வெள்ளத்துக்குப் பின் அமெரிக்க அரசின் உதவி நிறுவனத்துடைய நிதியில், லிம்போபோ சமவெளி உள்ளிட்ட பகுதிகளில் 1,06,000-க்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு, குடும்பம் ஒன்றுக்கு ஏறத்தாழ 92 டாலர், பெரும்பாலும் பெண்கள் கையில், கொடுக்கப்பட்டது. அது வீட்டுச் சாமானாக, துணியாக, கட்டுமானப் பொருளாக, ஆடு கோழியாக மாறியது. அந்தச் சந்தைகளில் கடை வைத்திருந்தவர்களும் வெள்ளத்தில் அடிபட்டவர்களே. செலவழித்த பணம் அவர்களுக்கும் போனது.

இன்று இது கைபேசிப் பணமாக, எம்-பேசா போன்ற சேவைகள் வழியாக நடக்கிறது. கிவ்டைரக்ட்லி போன்ற அமைப்புகள் மொசாம்பிக்கிலும் மலாவியிலும் இதைச் செய்கின்றன.

என் ஐந்து கேள்விகளில் மூன்றாவதற்கு முழு மதிப்பெண் பெறும் வழி இது ஒன்றே. ஆனால் எந்த நாளில் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் இதன் பயன். இடாய்க்குப் பின் பெய்ராவுக்கு அருகிலுள்ள பூசி நகரம் நீரில் கிடந்த வாரத்தில், கடையே இல்லாத இடத்தில், பணத்தால் ஒரு மூட்டை சோளமும் வாங்க முடியாது. கைபேசிக் கோபுரங்கள் சாய்ந்து கிடந்தன. அடையாள அட்டை ஆற்றோடு போயிருக்கும். அது இல்லாமல் சிம் வாங்க முடியாது. வீட்டில் ஒரே கைபேசி கணவனிடம் இருந்தால் மனைவிக்கு வந்த பணம் யார் கைக்குப் போகும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

மோசடி ஆபத்தும் உண்டு. 2022-இல் காங்கோ ஜனநாயகக் குடியரசில் கிவ்டைரக்ட்லியின் ஊழியர்கள் சிலரே சேர்ந்து சிம் அட்டைகளைக் கைப்பற்றி 9 லட்சம் டாலருக்கு மேல் திருடினார்கள். அந்த அமைப்பே அதை வெளியிட்டது.

பருவத்தையும் பார்க்க வேண்டும். இடாய் வந்தது மார்ச் நடுவில். சோளம் அறுவடைக்குக் காத்திருந்த நேரம். 7 லட்சம் ஹெக்டேருக்கு மேல் பயிர் போயிற்று. வெள்ளம் வடிந்த தாழ்நிலத்தில் ஈரம் காய்வதற்குள் குறுகிய காலப் பயிர் போட்டால் அந்த ஆண்டுப் பட்டினியைக் குறைக்கலாம். வியாபாரியிடம் இருந்த விதையும் நனைந்து போயிருந்தால், பணம் வைத்திருந்தும் விதைப்பு தவறிவிடும். அந்தச் சில வாரங்களுக்கு மட்டும் ஒரு பை விதையும் ஒரு மண்வெட்டியும் பணத்தைவிட மேல்.

எப்போது மேல்: சந்தை மறுபடி திறந்த பிறகு, அதாவது வெள்ளம் வடிந்து சில வாரங்கள் கழித்து. வீடு திரும்பிக் குடும்பத்தை மறுபடி நிறுத்தும் மாதங்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

## 6. வெள்ளத்துக்கு முன்பே கொடுப்பது

2000-க்குப் பிறகு பூசி ஆற்றங்கரையில் ஓர் எளிய ஏற்பாடு உருவானது. ஊருக்கு ஊர் தன்னார்வலர்கள் மழைமானியையும் ஆற்றின் அளவுக் கம்பத்தையும் தினமும் பார்த்து, கணக்கு ஏறினால் வானொலிக் கருவியில் மேலிடத்துக்குச் சொல்வார்கள். கடற்கரைகளில் புயலுக்கு மூன்று நிறக் கொடிகள்: இரண்டு நாளில் வரக்கூடும் என்றால் நீலம், ஒரு நாளுக்குள் என்றால் மஞ்சள், சில மணி நேரத்தில் என்றால் சிவப்பு. உள்ளூர்ப் பேரிடர்க் குழுவின் பெட்டியில் இருப்பவை ஒலிபெருக்கி, விசில், ரப்பர் பூட்ஸ், மழைக்கோட்டு, வானொலி. கூடவே ஒரு சைக்கிள். விலைப் பட்டியலைப் பார்த்தால் மலைப்பு வராது. ஆனால் ஓர் ஊரை மேட்டுக்கு நகர்த்த இவை போதும்.

2007-இல் சாம்பசி பெருகியபோது அரசின் பேரிடர் நிறுவனம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை மேட்டுப் பகுதிக்குக் கொண்டுபோனது. இறப்பு சில பத்துகளோடு நின்றது. வேறு ஆறு, வேறு வெள்ளம் என்பதால் 2000-இன் எண்ணோடு நேருக்கு நேர் வைக்க முடியாது. இருந்தும், முன்கூட்டி நகர்த்த முடியும் என்பது நிரூபணமாயிற்று. பெய்ராவிலும் சிவேவே ஆற்றைத் தூர்வாரி வடிகால்களைச் சரிசெய்திருந்தார்கள். இடாயின் மழை நீர் அந்தப் பகுதிகளில் விரைவாக வடிந்தது.

ஜெர்மன் செஞ்சிலுவைச் சங்கத்தின் துணையோடு மொசாம்பிக் செஞ்சிலுவை ஒரு முன்செயல் திட்டம் வைத்திருக்கிறது. வானிலைக் கணிப்பு குறித்த அளவைத் தாண்டியதும், யாரும் கூட்டம் போட்டு விவாதிக்காமலேயே பணம் விடுவிக்கப்படும். தகரக் கூரைகளை இறுகக் கட்டுவார்கள். ‘செர்தேசா’ என்னும் குளோரின் கரைசலைச் சிறு புட்டிகளில் கொடுப்பார்கள். குடத்துத் தண்ணீரில் மூடியளவு ஊற்றி அரை மணி நேரம் வைத்தால் குடிக்கலாம்.

மறைந்த செலவு என்ன? புயல் திசை மாறினால் செய்த செலவு வீணானதுபோல் தோன்றும். நன்றி சொல்லும் புகைப்படமும் வராது, ஏனென்றால் எதுவும் நடக்கவில்லை. மேட்டு நிலத்தில் வீடு கட்டிக் குடியமர்த்தும் திட்டங்களுக்கு மட்டும் எச்சரிக்கையோடு கொடுங்கள். வண்டல் மண் நிறைந்த வயல் ஆற்றங்கரையில் இருக்கும்வரை குடும்பங்கள் அங்கேதான் திரும்பும். பலர் இரண்டு இடத்திலும் வீடு வைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் செய்வது சரியான கணக்கு. பிழைப்பைக் கணக்கில் எடுக்காமல் போட்ட திட்டம்தான் தவறு.

எப்போது மேல்: எப்போதும். குறிப்பாக ஜூன் முதல் அக்டோபர் வரை, மொசாம்பிக் என்ற பெயரை யாரும் உச்சரிக்காத மாதங்களில்.

## ஒரே பார்வையில்

| வழி | சேரும் காலம் | வழியில் கரைவது | தீர்மானிப்பவர் | கணக்கு |
|---|---|---|---|---|
| பொருள் (தொலைவிலிருந்து) | வாரங்கள், மாதங்கள் | மிக அதிகம் | கொடுப்பவர் | அநேகமாக இல்லை |
| ஐநா அமைப்புகள் | நாட்கள், வாரங்கள் | 7 சதவீதத்தோடு இடைக் கைகள் | அமைப்பு | விரிவான அறிக்கை |
| செஞ்சிலுவை, மருத்துவர்கள் | நாட்கள் | மிதம் | அமைப்பும் ஊரும் | நல்ல அறிக்கை |
| உள்ளூர், வட்டார அமைப்பு | ஏற்கெனவே அங்கே | குறைவு. உங்கள் நேரம் அதிகம் | ஊர் | அமைப்புக்கு அமைப்பு மாறும் |
| நேரடிப் பணம் | சந்தை திறந்த பின் | குறைவு | பாதிக்கப்பட்டவர் | எளிதில் சரிபார்க்கலாம்; மோசடி ஆபத்து உண்டு |
| முன்கூட்டிய நிதி | வெள்ளத்துக்கு முன் | குறைவு | திட்டமும் ஊர்க்குழுவும் | அறிக்கை உண்டு, படம் இல்லை |

## என் தெரிவு

பத்தாயிரம் ரூபாய் கொடுக்க நினைப்பவருக்கு நான் சொல்வது: புயல் செய்தியில் இருக்கும்போது பாதியைச் செஞ்சிலுவைக் கூட்டமைப்பின் பேரிடர் அவசர நிதிக்குக் கொடுங்கள். அந்த நிதி முன்செயலுக்கும் போகிறது, பெயரில்லாத சிறு வெள்ளங்களுக்கும் போகிறது. மீதியைக் கையில் வைத்திருந்து, இரண்டு மூன்று மாதம் கழித்து நேரடிப் பணமாகக் கொடுங்கள். காலரா பரவுகிறது என்ற செய்தி வந்தால் மட்டும் இந்தக் கணக்கை மாற்றி, முழுவதையும் மருத்துவப் பணிக்குக் கொடுத்துவிடலாம். ஒரு சங்கமோ கோயில் குழுவோ பெரிய தொகை திரட்டினால், விசாரிக்கும் வசதி அவர்களுக்கு இருக்கிறது என்பதால், வட்டார அமைப்பு ஒன்றோடு ஐந்தாண்டு உறவு வைத்துக்கொள்வது மேல்.

## இந்தியாவிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் கொடுப்பவர்களுக்கு

இந்தியாவில் வசிப்பவர் ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தின்கீழ் வெளிநாட்டு அமைப்புக்கு நன்கொடை அனுப்பலாம். ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் என்ற உச்சவரம்பு நம்மில் பெரும்பாலோருக்குத் தடையாக இருக்காது. ஆனால் வெளிநாட்டு அமைப்புக்குக் கொடுத்ததற்கு நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை கிடையாது. பன்னாட்டு அமைப்பு ஒன்றின் இந்தியக் கிளைக்குக் கொடுத்தால் சலுகை கிடைக்கலாம், ஆனால் அந்தப் பணம் பெரும்பாலும் இந்தியப் பணிகளுக்கே போகும். ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். அறக்கட்டளைகளுக்கு இன்னொரு சிக்கல்: நிதியை வெளிநாட்டில் செலவிட்டால், நேரடி வரிகள் வாரியத்தின் ஒப்புதல் இல்லாவிட்டால், அந்தத் தொகைக்கு வருமான வரி விலக்கு பொதுவாகக் கிடைக்காது. வசூல் தொடங்குவதற்கு முன்பே தணிக்கையாளரிடம் பேசிவிடுங்கள்.

பிரிட்டனில் வரி கட்டும் தமிழர்களுக்கு வழி எளிது. அங்கே பேரிடர் அவசரக் குழு என்ற கூட்டமைப்பு பல தொண்டு நிறுவனங்களுக்காக ஒன்றாக வசூலிக்கிறது, இடாய்க்காக 4.3 கோடி பவுண்டு திரண்டது. ‘கிஃப்ட் எய்ட்’ கட்டத்தில் குறியிட்டால், கொடுக்கும் ஒவ்வொரு 100 பவுண்டுக்கும் அரசு இன்னும் 25 சேர்க்கும்.

சிறு தொகை அனுப்புபவர்கள் வங்கிக் கட்டணத்தைக் கவனியுங்கள். வெளிநாட்டுக்கு வங்கி வழியாக அனுப்பினால் அங்கும் இங்குமாகப் பிடிக்கும் கட்டணம் ஆயிரம் ரூபாயைத் தாண்டலாம். ஐந்நூறு ரூபாய் கொடுக்க நினைப்பவருக்கு அது பொருளற்றது. அவர்கள் அந்த அமைப்பின் இணையப் பக்கத்தில் அட்டை மூலம் கொடுத்தால் சில சதவீதத்தோடு போய்விடும். மாதம் நூறு என்று பிரிக்காமல் ஆண்டுக்கு ஒருமுறையாக, முடிந்தால் மழைக்காலத்துக்கு முன் செப்டம்பரிலோ அக்டோபரிலோ, மொத்தமாகக் கொடுங்கள். படிவத்தில் ‘எங்கு அதிகம் தேவையோ அங்கு’ என்ற கட்டம் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.